மேலாளர்களுக்கு சைபர் பாதுகாப்புப் பயிற்சி: எந்த வழி யாருக்கு?

பொறியாளர்களுக்கு என்ன சைபர் பாதுகாப்புப் பயிற்சி தருவது என்பதில் நிறுவனங்களுக்குப் பெரிய குழப்பம் இருப்பதில்லை. தேவையானதை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். குழப்பமெல்லாம் மேலாளர்கள் விஷயத்தில்தான். நிதிப் பிரிவுத் தலைவர், உற்பத்தித் தலைவர், கொள்முதல் மேலாளர், மனிதவள மேலாளர், இவர்களுக்கு மேலே தலைமை நிர்வாகி. நெட்வொர்க்குக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வாலை இவர்கள் யாரும் தொடப்போவதில்லை. ஆனால் அதைப் புதுப்பிக்க இந்த ஆண்டு காசு உண்டா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா என்று சொல்லப்போகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்களுக்கென்று வழிகள் பல இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் வீடியோ பாடம், சான்றிதழ்த் தேர்வு, பல்கலைக்கழகங்களின் குறுகிய காலப் படிப்பு, கணினியில் நடத்தும் சிமுலேஷன் விளையாட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்யும் ஒத்திகை. அப்புறம், யாரும் பெட்டியில் போட்டு விற்காத ஒன்று: வேலையோடு வேலையாக, ரிஸ்க்கை மேலாளர் பெயரில் எழுதிவைத்து அவரையே கையெழுத்துப் போடச் சொல்லிப் பழக்குவது.

விலையையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் வீடியோதான் ஜெயிக்கும். நான் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பயிற்சி முடிந்ததும் அந்த மேலாளர் எந்த முடிவை முன்பைவிட நன்றாக எடுப்பார்? இதற்குப் பதில் இல்லையென்றால், பயிற்சி எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அது மேலாளருக்கானது இல்லை.

மேலாளர் கைக்கு வரும் முடிவுகள்

மக்களின் கடன் விவரங்களைத் திரட்டிவைக்கும் அமெரிக்க நிறுவனம் ஈக்விஃபாக்ஸில் 2017-ல் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்த நிரலான பேட்ச்சும் வந்துவிட்டது. மறுநாள் அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. அதற்கு மறுநாள், 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே மின்னஞ்சல் போனது. அந்த மின்னஞ்சல் பட்டியல் பழையது. பேட்ச் போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஓட்டையுள்ள சர்வர்களைத் தேடி நடத்திய ஸ்கேனிலும் எதுவும் சிக்கவில்லை. மே மாதம் நடுவில் உள்ளே நுழைந்தவர்கள் 76 நாள் உள்ளேயே இருந்தார்கள். வெளியே போகும் தகவலைக் கண்காணிக்க வேண்டிய கருவி, அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிப் போனதால் பல மாதங்களாகக் குருடாக இருந்தது. ஜூலை 29 அன்று அந்தச் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. தலைமை நிர்வாகி செப்டம்பரில் பதவி விலகினார். ‘ஒரு ஊழியர் செய்தியை உரியவர்களுக்குக் கடத்தவில்லை’ என்று அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இதில் எத்தனை தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணிப் பாருங்கள். பொறுப்பாளர் இல்லாத ஒரு பட்டியல், எந்த சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற கணக்கு இல்லாமை, யார் பெயரிலும் இல்லாத ஒரு சான்றிதழ், வேலை முடிந்ததா என்று திரும்பக் கேட்காமை. எல்லாமே நிர்வாகக் கோளாறுகள். ‘அந்த மின்னஞ்சல் யாருக்கெல்லாம் போனது, யார் முடித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள், பதில் போடாதவர்கள் யார்’ என்று ஒரு மேலாளர் கேட்டிருக்கலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த வகை முடிவு அவசரத்தில் வருவது. 2021 மே மாதம் அமெரிக்காவில் குழாய் வழியே எரிபொருள் அனுப்பும் கொலோனியல் பைப்லைன் மீது ரான்சம்வேர் தாக்குதல் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது) நடந்தபோது, குழாயை நிறுத்துவதா, பணம் கொடுப்பதா என்ற கேள்விகள் சில மணி நேரத்தில் தலைமையின் மேசைக்கு வந்தன. தலைமை நிர்வாகி ஜோசஃப் பிளவுண்ட் 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், கொடுக்க ஒப்புதல் தந்தார். பதிலுக்குக் கிடைத்த மீட்புக் கருவி மிகவும் மெதுவாக இயங்கியது. தாக்கியவர்கள் நுழைந்த வழி, வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வருவதற்கான, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அந்தக் கணக்கை மூடாமல் விட்டதும் ஒரு முடிவுதான். யாரும் உட்கார்ந்து எடுக்காத முடிவு.

மூன்றாவது வகையில் கணினிக்குள் யாரும் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. விமான உதிரிபாகம் செய்யும் ஆஸ்திரிய நிறுவனம் ஃபாக், 2016-ல் தலைமை நிர்வாகி பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி சுமார் 5 கோடி யூரோவை அனுப்பிவைத்தது. பிறகு தலைமை நிர்வாகியின் பதவியும் போனது. பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனம் அரூப்பின் ஹாங்காங் அலுவலகத்தில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். 2024-ல் வெளியே வந்த செய்தி அது. வீடியோ அழைப்பில் நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் பேசுவதுபோல டீப்ஃபேக் (செயற்கை நுண்ணறிவால் செய்த போலி வீடியோ) செய்து, 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை வாங்கிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் ஒப்புதல் தந்தால் பணம் வெளியே போகலாம், எந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்ய வேண்டும் என்பதெல்லாம் நிதி மேலாளர் வகுக்கும் விதிகள். ஆன்டிவைரஸ் அங்கே எதுவும் செய்ய முடியாது.

ஆக, பேட்ச் போடுவதைத் தள்ளிப்போடுவது போன்ற மெதுவான முடிவுகள், தாக்குதல் நாளில் வரும் அவசர முடிவுகள், அன்றாட நடைமுறைக்கான விதிகள் என்று மூன்று வகை. இனி ஒவ்வொரு பயிற்சியும் இதில் எதைத் தொடுகிறது என்று பார்க்கலாம்.

வீடியோவும் ஃபிஷிங் சோதனையும்

இதை விரைவாக முடித்துவிடலாம், ஏனென்றால் ஆய்வு முடிவுகள் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனைப் பிரிவில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து 8 மாதம் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபிஷிங் மின்னஞ்சல் (ஏமாற்றி லிங்க்கைத் தொடவைப்பது) போலச் சோதனை மின்னஞ்சல் அனுப்பி, சொடுக்கியவர்களுக்கு அங்கேயே பாடம் காட்டினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஏமாறும் விகிதத்தில் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம். ஆண்டுப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தவர், முடித்து நாளாகிவிட்டவர் என்ற வேறுபாடும் பெரிதாக எதையும் காட்டவில்லை. சூரிக்கின் இடிஹெச் ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களை 15 மாதம் கவனித்ததிலும், சொடுக்கியவுடன் காட்டும் பாடத்தால் பலன் தெரியவில்லை. அங்கே உருப்படியாகத் தெரிந்தது வேறொன்று: சந்தேக மின்னஞ்சலைப் புகாரளிக்க ஒரு பட்டனைக் கொடுத்தபோது ஊழியர்கள் கூட்டாகவே ஃபிஷிங்கை வேகமாகப் பிடித்துக்கொடுத்தார்கள்.

மேலாளருக்கு இங்கே கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. வீடியோவில் அது வராது. தனக்குக் கீழே வேலை செய்பவர் வந்து ‘சார், தப்பான லிங்க்கைத் தொட்டுட்டேன்’ என்று சொன்னால் முதல் அரை நிமிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதே அது. ஒருவரைத் திட்டிவிட்டால், அடுத்த முறை பத்துப் பேர் மறைப்பார்கள். தாக்குதலைக் கண்டுபிடிக்க அன்றைக்கு ஆகும் நேரம் மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்குப் போய்விடும்.

சட்டத்துக்கும் ஆடிட்டுக்கும் கணக்குக் காட்ட வீடியோ வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவானதாகவே. ஆனால் சட்டமே இப்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிஸ்-2 உத்தரவு, 20-ஆம் பிரிவில், சைபர் ரிஸ்க் நடவடிக்கைகளுக்கு நிர்வாகக் குழுவே ஒப்புதல் தர வேண்டும், மேற்பார்வை செய்ய வேண்டும், அதற்கான பயிற்சியும் பெற வேண்டும் என்கிறது; மீறினால் அவர்களைப் பொறுப்பாக்கவும் வழி செய்கிறது. எதை அங்கீகரிக்கிறோம் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு 40 நிமிட வீடியோ ஒருவரைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சான்றிதழ்

‘மேலாளர்கள் எல்லோரையும் சிஐஎஸ்எம் எனும் தகவல் பாதுகாப்பு மேலாளர் தேர்வை எழுதச் சொல்லலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் விதிகளைப் படித்தாலே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். ஐசாக்கா அமைப்பு நடத்தும் சிஐஎஸ்எம் தேர்வில் 150 கேள்விகள், நான்கு மணி நேரம். ஆளுகை, ரிஸ்க் மேலாண்மை, பாதுகாப்புத் திட்டத்தை நடத்துதல், சம்பவ மேலாண்மை என்று நான்கு பகுதிகள். பாடத்திட்டம் மேலாளருக்கு ஏற்றதுதான். ஆனால் தேர்வில் தேறினாலும், தகவல் பாதுகாப்பு நிர்வாகத்தில் ஐந்து ஆண்டு அனுபவம் காட்டினால்தான் சான்றிதழ் கைக்கு வரும். படிப்பையும் வேறு சான்றிதழ்களையும் காட்டிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஐடி ரிஸ்க்குக்கென அதே அமைப்பு தரும் சிரிஸ்க் சான்றிதழுக்கு மூன்று ஆண்டு. பாதுகாப்பு நிபுணர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி என்றால் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு. வாங்கிய பிறகும் சும்மா இருக்க முடியாது. சிஐஎஸ்எம்முக்கு மூன்று ஆண்டில் 120 மணி நேரம் தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும்.

உற்பத்தித் தலைவருக்கு இது சுமை. யாருக்கு லாபம் என்றால், தொழில்நுட்பக் குழுவுக்கும் வணிகப் பிரிவுகளுக்கும் நடுவில் நிற்கப்போகிறவருக்கு. ஐடி ரிஸ்க் மேலாளர், உள்தணிக்கை மேலாளர், பெரிய திட்டங்களை நடத்தும் அலுவலகத்தின் தலைவர். இவர்களில் ஒன்றிரண்டு பேரை சிரிஸ்க்குக்கோ சிஐஎஸ்எம்முக்கோ அனுப்பினால், இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். மற்றவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

பல்கலைக்கழகங்களின் எக்ஸிகியூட்டிவ் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மற்ற நிறுவனங்களின் ஆட்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்புதான் அதில் உண்மையான சரக்கு. தலைமை நிர்வாகிக்கோ இயக்குநர் குழு உறுப்பினருக்கோ அது மதிப்புள்ளது, ஏனென்றால் தன் நிறுவனத்துக்குள் அவர் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் கேள்விகளை அங்கே கேட்கலாம். அனுப்புவதென்றால் ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள். தனியாகப் போனவர் திரும்பி வந்து சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

சிமுலேஷன் விளையாட்டு

எம்ஐடி ஸ்லோனில் ஒரு சோதனை நடத்தி 2019-ல் வெளியிட்டார்கள். கணினியில் ஒரு கற்பனை நிறுவனம். தடுக்கும் திறன், கண்டுபிடிக்கும் திறன், மீளும் திறன் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று ஆடுபவர் மாதாமாதம் முடிவு செய்ய வேண்டும். தாக்குதல் எப்போது வரும் என்று தெரியாது. போட்ட பணம் திறனாக மாறவும் காலம் பிடிக்கும். 67 பேர் ஆடினார்கள்; அனுபவம் வாய்ந்தவர்களும் இருந்தார்கள், துறைக்குப் புதியவர்களும் இருந்தார்கள். தாக்குதல் எப்போது வரும் என்று தெரியாத நிலையைக் கையாள்வதில் இரண்டு தரப்பும் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்தது என்பதே முடிவு.

பயிற்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது. ‘அவருக்கு இருபது ஆண்டு அனுபவம், அவருக்கு எதற்குப் பயிற்சி’ என்ற வாதம் இங்கே எடுபடாது. பணத்துக்கும் பலனுக்கும் நடுவில் தாமதம் இருக்கும்போது, ஒன்றும் நடக்காத மாதங்களில் ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று செலவைக் குறைக்கத் தோன்றும். தாக்குதல் வந்த பிறகு போட்ட பணம் அந்தத் தாக்குதலுக்கு உதவாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இரண்டு மூன்று ஆட்டம் தோற்கவைத்தால் சீக்கிரம் புரியும். பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர்களுக்கு அரை நாள் செலவழிக்கத் தகுந்தது. குறை என்னவென்றால், திரையில் இருப்பது அவர்களுடைய நிறுவனம் இல்லை. தங்கள் சர்வர், தங்கள் வெண்டர், தங்கள் சம்பள நாள் எதுவும் அதில் வராது.

மேசை ஒத்திகை

அவையெல்லாம் வருவது டேபிள்டாப் என்று அழைக்கப்படும் ஒத்திகையில். எட்டுப் பத்துப் பேர், மூன்று மணி நேரம், ஒரு அறை. கணினி தேவையில்லை. நடத்துபவர் ஒரு சூழ்நிலையை வாசிப்பார். அவரவர் தம் பொறுப்பில் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடுத்த தகவல் வரும், நிலைமை மாறும்.

உதாரணத்துக்கு ஒன்று. வாரக் கடைசி நாள், மாலை 4:40. சம்பளக் கணக்கு ஓடும் சர்வரில் கோப்புகள் திறக்கவில்லை. ஐடி உதவி மையத்துக்கு ஒரே மாதிரி ஏழு அழைப்புகள். முதல் கேள்வி: நெட்வொர்க்கைத் துண்டிக்கலாமா? துண்டித்தால் இரவு அனுப்ப வேண்டிய சரக்கு நிற்கும். அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்த இடத்தில் அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஐடி தலைவர் உற்பத்தித் தலைவரைப் பார்ப்பார், அவர் தலைமை நிர்வாகியைப் பார்ப்பார். சரி, துண்டித்தாயிற்று. இரண்டாவது தகவல்: பேக்கப் இருக்கிறது. நல்லது, அதிலிருந்து கடைசியாக மீட்டெடுத்துப் பார்த்தது எப்போது? மூன்றாவது: மின்னஞ்சல் வேலை செய்யவில்லை. எல்லோருடைய தொலைபேசி எண்களும் எங்கே இருக்கின்றன? மின்னஞ்சலில். நான்காவது: வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, உங்கள் தகவல் வெளியே விற்பனைக்கு வந்திருக்கிறதாமே என்கிறார். அவருக்கு யார் பதில் சொல்வது, என்ன சொல்வது?

அங்கிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபர் தகவல் கசிவை 72 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் அரசின் சைபர் அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவுப்படி, பட்டியலிட்ட சம்பவங்களுக்கு 6 மணி நேரம்தான். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2023-ல் வந்த விதி இன்னும் சிக்கலானது: சம்பவம் முதலீட்டாளர்களுக்கு முக்கியமானது என்று நிறுவனம் முடிவுசெய்த நாளிலிருந்து நான்கு வேலை நாள். ‘முக்கியமானது’ என்று தீர்மானிப்பதை எந்த மென்பொருளும் செய்யாது. நிதி, சட்டம், தொழில்நுட்பம் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அவர்கள் அதற்காக முதன்முதலாகச் சேர்ந்து உட்காரும் நாள், தாக்குதல் நடந்த நாளாக இருக்கக் கூடாது.

மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 2017 ஜூன் 27 அன்று நேர்ந்ததை ஒத்திகைக்குக் கருவாக எடுக்கலாம். நாட்பெட்யா தீநிரல் பரவி, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் எல்லாம் அழிந்தன. கானா அலுவலகத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அதை வைத்துத்தான் மீட்பே தொடங்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். இழப்பு 30 கோடி டாலர் வரை. ஒவ்வொரு சர்வரும் மற்றொன்றுக்கு நகலாக இருந்ததால், எல்லாம் ஒன்றாகப் போனால் என்ன என்பதற்குப் பதில் இருக்கவில்லை. ‘எல்லாமே ஒரே நேரத்தில் போனால் எதிலிருந்து ஆரம்பிப்போம்?’ என்ற ஒற்றைக் கேள்வியை உங்கள் மேலாளர்கள் முன்னால் வைத்துப் பாருங்கள். மாறாக, 2019 மார்ச்சில் தாக்கப்பட்ட நார்வேயின் அலுமினிய நிறுவனம் நார்ஸ்க் ஹைட்ரோ பணம் கொடுக்க மறுத்து, பல ஆலைகளைக் கைமுறையில் ஓட்டி, நடப்பதை ஊடகங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே மீண்டது.

ஒத்திகை சொதப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஐடி தலைவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரம் ‘அவர் விமானத்தில் இருக்கிறார், தொடர்புகொள்ள முடியாது’ என்று அறிவித்துவிடுவது நல்லது. அவர் அறையிலேயே உட்கார்ந்து வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு அது நல்ல பயிற்சி. இன்னொரு சொதப்பல், அந்நிய நாட்டு உளவுப்படை, மின்கட்டமைப்பு வீழ்ச்சி என்று சினிமாத்தனமாகக் கதை எழுதுவது. சாதாரண ரான்சம்வேர், சாதாரண போலி இன்வாய்ஸ் போதும். முடிவில் யார், எதை, எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்ற பட்டியல் வர வேண்டும். அது வரவில்லையென்றால் மூன்று மணி நேரம் பொழுதுபோக்கு.

செலவு என்று பார்த்தால் பத்துப் பேரின் அரை நாள். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சைசா ஆயத்தக் கதைகளோடு ஒத்திகைத் தொகுப்புகளை இலவசமாகத் தருகிறது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் சிறு நிறுவனங்களுக்கென இலவசத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. எப்படித் திட்டமிடுவது என்பதற்கு அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2006-ல் வெளியிட்ட 800-84 வழிகாட்டி இன்றைக்கும் பயன்படும்.

ஆனால் ஒத்திகை அவசர முடிவுகளை மட்டும்தான் பழக்கும். ஈக்விஃபாக்ஸில் நடந்த மாதிரி, யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் சேரும் கோளாறு அந்த மூன்று மணி நேரத்தில் தெரியாது.

பெயர் போட்டு எழுதிவைப்பது

அதற்குத்தான் கடைசி வழி. எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது இது. ஆனால் யாருக்கும் பிடிக்காததும் இதுதான், ஏனென்றால் வகுப்பு முடிந்தது என்று சொல்ல ஒரு நாளே வராது.

பல நிறுவனங்களில் ஆபத்துகளைப் பட்டியலிடும் ரிஸ்க் ரெஜிஸ்டர் இருக்கும். அதில் ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் வரிசையாக ‘ஐடி’, ‘ஐடி’, ‘ஐடி’ என்று இருக்கும். அதை மாற்ற வேண்டும். உற்பத்திக் கூடத்தில் ஒரு பழைய சர்வர் இருக்கிறது, பேட்ச் போட ஆறு மணி நேரம் இயந்திரங்களை நிறுத்த வேண்டும், உற்பத்தித் தலைவர் இப்போது முடியாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அதை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்: எந்த சர்வர், என்ன ஓட்டை, ஏன் தள்ளிப்போடுகிறோம், நடந்தால் என்ன ஆகும், இந்த ஒப்புதல் எந்தத் தேதியில் காலாவதியாகும். கீழே அவர் பெயர், கையெழுத்து. 90 நாள் கழித்து அந்தத் தாள் மறுபடி அவர் மேசைக்கு வரும்.

முதல் தாளில் கையெழுத்துப் போடும்போதே அவர் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். ‘இது எவ்வளவு ஆபத்து?’ என்று கேட்பார். பாதுகாப்புக் குழு ‘ஹை’ என்று சொல்லி சிவப்பு நிறத்தைக் காட்டினால் அவருக்குத் திருப்தி வராது, வரவும் கூடாது. 2017-ல் உலகெங்கும் பரவிய ரான்சம்வேர் வான்னாக்ரை பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் வெளியிட்டிருந்தது. தாக்குதல் வந்தது மே 12. நடுவில் எட்டு வாரம் இருந்தது. கார் நிறுவனம் ரெனோ சில ஆலைகளில் உற்பத்தியை நிறுத்த வேண்டி வந்தது. ஆறு மணி நேர நிறுத்தத்துக்கும் பல நாள் நிறுத்தத்துக்கும் இடையிலான பேரம் என்று சொன்னால், உற்பத்தித் தலைவருக்கு யாரும் விளக்கவுரை எழுதத் தேவையில்லை.

எண்களில் பேசப் பழக்குவதும் இதோடு சேர்ந்தது. ‘ஓராண்டுக்குள் நடக்க 5 முதல் 15 சதவீதம் வாய்ப்பு, நடந்தால் 3 முதல் 10 நாள் உற்பத்தி நிற்கும்’ என்று வரம்பாகச் சொல்லலாம். ஃபேர் என்ற முறை இதை ஒழுங்குபடுத்தித் தருகிறது: எத்தனை முறை நடக்கும், நடந்தால் எவ்வளவு போகும் என்று பிரித்து மதிப்பிடுவது. மேலாளர்களிடம் 90 சதவீத நம்பிக்கையோடு ஒரு வரம்பு சொல்லுங்கள் என்றால், முதலில் மிகக் குறுகிய வரம்பைத்தான் சொல்வார்கள். உண்மை விடை பல தடவை அதற்கு வெளியே விழும். விடை தெரிந்த பொதுக் கேள்விகளை வைத்துப் பழக்கினால் அரை நாளில் இது கணிசமாகத் திருந்தும். இந்தப் பட்டியலில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு நாள் நிற்பதாகவும் வேறு பயிற்சி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆபத்தும் உண்டு. பாதுகாப்புக் குழு தன் தலைக்கு வருவதை மேலாளர் தலையில் கட்ட இந்தத் தாளைப் பயன்படுத்தினால் உறவு கெட்டுவிடும். மாற்று வழி, அதன் செலவு இரண்டையும் எழுதாத தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்ற விதி வேண்டும். நிஸ்ட்டின் சைபர் பாதுகாப்புச் சட்டகம் 2024 பிப்ரவரியில் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது, பழைய ஐந்து செயல்பாடுகளோடு ‘ஆளுகை’ என்று ஆறாவதைச் சேர்த்தது. பொறுப்பு யாருக்கு, எவ்வளவு ரிஸ்க் தாங்குவோம், வெண்டர்களை எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதெல்லாம் அதில் வருகிறது. இந்தத் தாளுக்கான தலைப்புகளை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

பாதுகாப்புக்கென்று தனி ஆளே இல்லாத சிறு நிறுவனம் என்றால் சான்றிதழ், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இலவசத் தொகுப்பை எடுத்து ஒரு ஒத்திகை, அதில் வெளிவரும் ஓட்டைகளுக்கு ஒரு பக்கப் பட்டியல், பணம் அனுப்புவதற்கு இரண்டு பேர் ஒப்புதலும் திரும்ப அழைக்கும் விதியும். இதுவே நிறைய.

தனிப் பாதுகாப்புக் குழு இருக்கும் நடுத்தர நிறுவனத்தில், ஆண்டுக்கு இரண்டு ஒத்திகையும், பெயர் போட்ட ரிஸ்க் தாள்களும்தான் முதுகெலும்பு. அதற்கு மேல் பணம் மிஞ்சினால் ஒருவரை சிரிஸ்க்குக்கு அனுப்பலாம். சட்டம் நெருக்கும் பெரிய நிறுவனங்களில் இயக்குநர் குழுவுக்குத் தனி ஒத்திகை வேண்டும்; பிரிவுத் தலைவர்களோடு சேர்த்து உட்காரவைத்தால் இரண்டு தரப்பும் வாய் திறக்காது. சிமுலேஷன் விளையாட்டு அவர்களுக்குப் பொருத்தம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, பயிற்சி முடித்தவர்களின் சதவீதத்தை எண்ணுவதில் அர்த்தமில்லை. காலாவதியான ரிஸ்க் ஒப்புதல்கள் எத்தனை மேசையில் தூங்குகின்றன, போன ஒத்திகையில் எழுதியவற்றில் எத்தனை முடிந்தன, தவறாகச் சொடுக்கியவர் எவ்வளவு நேரத்தில் வந்து சொல்கிறார் என்ற மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

நேரம் குறிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் ஒத்திகையை வையுங்கள். கூட்டத்துக்குப் பிறகு வைத்தால், ‘பேக்கப்பைச் சோதிக்கத் தனி சர்வர் வேண்டும்’ என்று அறையிலிருந்த எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதற்கான காசு அடுத்த ஆண்டுதான் வரும்.